போகும்போது 8 மணி நேரம், திரும்பும்போது 7 மணி நேரம்: ஒரே தூரத்துக்கு ஏன் இரண்டு கணக்கு?

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 5,550 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்று வைத்து வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். ஆனால் டிக்கெட்டில் போட்டிருப்பது கதவு மூடியதிலிருந்து போய் நிற்கும் வரையான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

சரி, நியூயார்க்கிலிருந்து கிழக்கே லண்டனுக்குத் திரும்பும்போது ஏன் குறைகிறது? காற்றுதான். சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக் காற்று ஓடுகிறது; குளிர்காலத்தில் இன்னும் பலமாக. அதே 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்தைப் பின்னாலிருந்து 150 கி.மீ. காற்று தள்ளினால், தரையைப் பொறுத்து அது 1,050. எதிர்த்துப் போனால் 750தான். இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் வேகத்தைப் பாருங்கள், இந்த வித்தியாசம் அப்படியே தெரியும். 2020 பிப்ரவரியில் புயல்காற்றின் தயவால் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஐந்து மணி நேரத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தது!

அப்புறம், தூரத்தைத் தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். உலக உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள், குறுக்கு வழி வடக்கே வளைந்து போகும்.