விற்காமல் தங்கிய கேமரா லென்ஸ்கள் புதியனவாக வரும்போது: கேள்வி பதில்

கேள்வி: கிடங்கில் ஆண்டுக்கணக்கில் தங்கிய லென்ஸுக்கு மவுண்ட்டையோ (கேமராவில் பொருத்தும் பகுதி) சிப்பையோ (கேமராவோடு தொடர்புகொள்ளும் மின்னணுச் சில்லு) மாற்றிப் புதியது என்று விற்பது மோசடி ஆகாதா?

பதில்: மாற்றியது யார், மாற்றப்பட்டது எது, அதை வாங்குபவரிடம் சொன்னார்களா என்பதைப் பொறுத்தே சொல்ல வேண்டும். நிக்கான் 1977இல், லென்ஸின் அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளை) கேமராவுக்குத் தானாகத் தெரிவிக்கும் ஏஐ முறையைக் கொண்டுவந்தபோது, பழைய லென்ஸ்களின் அபெர்ச்சர் வளையத்தைக் கட்டணத்துக்கு மாற்றிக் கொடுத்தது. சிக்மா 2013 முதல் தன் புதிய வரிசை லென்ஸ்களுக்கு மவுண்ட் மாற்றும் சேவையை நடத்துகிறது. தயாரித்த நிறுவனமே செய்து, செய்ததை வெளிப்படையாகச் சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு வாய் திறக்காமல் விற்பதைத்தான் மோசடி என்பேன்.

கேள்வி: பயன்படுத்தாமலே இருந்த லென்ஸ் கெட்டுப்போகுமா?

பதில்: கண்ணாடி பெரும்பாலும் அப்படியே இருக்கும், அதைச் சுற்றி இருப்பவைதான் மூப்படைகின்றன. ஃபோகஸ் வளையத்தின் கிரீஸ் இறுகிவிடலாம், அல்லது அதன் எண்ணெய் பிரிந்து, அபெர்ச்சரைத் திறந்து மூடும் இதழ்களில் படியலாம். ஈரப்பதம் இருந்த இடமென்றால் உள்ளே பூஞ்சை நூல் நூலாகப் படரும். சிறு டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள்: பூஞ்சை சிலந்தி வலையைப் போலவும், எண்ணெய் ஆவி படிந்த மங்கல் கண்ணாடி முழுவதும் சீரான வெண்படலமாகவும் தெரியும். கேனனின் இஎஃப் வகை லென்ஸில் இதழ்களை மின்சாரமே அசைக்கிறது என்பதால், கேமராவில் பொருத்தி, சிறிய அபெர்ச்சரை வைத்து, படம் எடுக்காமலே இதழ்களை மூடிக் காட்டும் புலத்தெளிவு முன்பார்வைப் பொத்தானை அழுத்தினால்தான் அவை தயங்காமல் மூடுகின்றனவா என்பது தெரியும். சிப்பை மாற்றியவர் இவற்றில் எதையும் தொட்டிருக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டே சோதியுங்கள்.

கேள்வி: எப்போது தயாரானது என்று கண்டறிய முடியுமா?

பதில்: பழைய கேனன் லென்ஸ்களில் முடியும். பின்பக்கத்தில் 'யுஎஸ்0704' என்பதுபோல ஒரு குறியீடு இருந்தால், முதலெழுத்து உட்சுனோமியா ஆலையையும், இரண்டாவது எழுத்து ஆண்டையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் மாதத்தையும் குறிக்கும். 1986இல் 'ஏ' என்று தொடங்கிய வரிசையில் 'எஸ்' வருவது 2004. ஆகவே இது ஜூலை 2004. பிற்காலத்தில் கேனன் இந்த வழக்கத்தைக் கைவிட்டது.

கேள்வி: சிப்பை மாற்றாமல், லென்ஸுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் போதாதா?

பதில்: அதற்கு லென்ஸில் வழி இருக்க வேண்டும். பழைய சிக்மா லென்ஸ்கள் சில, பின்னால் வந்த கேனன் கேமராக்களில் 'எரர் 99' என்ற பிழைச் செய்தியோடு நின்றன. அவற்றுக்குச் சிப் மாற்றுவதே தீர்வாக இருந்தது.

கேள்வி: டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி உள்ள கேமரா) லென்ஸ் மிரர்லெஸ் (ஆடி இல்லாத கேமரா) மவுண்ட்டில் புதிதாக வந்தால் கூடுதல் விலை கொடுக்கலாமா?

பதில்: கேனன் டிஎஸ்எல்ஆரின் இஎஃப் மவுண்ட்டிலிருந்து படம் பதியும் சென்சாருக்கு 44 மி.மீ. தொலைவு, சோனி மிரர்லெஸ்ஸின் இ மவுண்ட்டில் 18 மி.மீ. இடையிலுள்ள 26 மி.மீ.க்கு ஒரு குழாயை நிரந்தரமாகச் சேர்த்தாக வேண்டும். சிக்மா 2018இல் தன் 'ஆர்ட்' வரிசை லென்ஸ்களைச் சோனி மவுண்ட்டுக்குக் கொண்டுவந்தபோது ஒளியியல் அமைப்பு மாறவில்லை. ஒரு மவுண்ட்டின் லென்ஸை இன்னொன்றில் பொருத்த உதவும் நல்ல அடாப்டர் கையில் இருப்பவர் கூடுதல் விலை கொடுக்க நான் காரணம் காணவில்லை.

கேள்வி: உத்தரவாதம்?

பதில்: அது வாங்கிய நாளிலிருந்து கணக்காக வேண்டும், மாற்றப்பட்ட பாகங்களின் பெயரை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் புதிய லென்ஸின் விலையைக் கொடுக்காதீர்கள்.