பேரணாம்பட்டில் இல்லாத நொதியா?

கேள்வி: ஃப்ளூ வைரஸ் நம் உடம்பு நொதியின் (என்சைம்) தயவில்தான் பரவுகிறதாமே? அப்படியானால் அந்த நொதியை அடக்கிவிட்டால் போதாதா? நொதி எல்லாம் லேப் சமாச்சாரம், எங்களுக்கு எங்கே புரியும் என்று ஒதுக்காமல் சொல்லவும்.
(வாசகர், பேரணாம்பட்டு)

பதில்: தோல் பதனிடும் பேரணாம்பட்டில் உட்கார்ந்துகொண்டு நொதியை 'லேப் சமாச்சாரம்' என்கிறீரே, அடுக்குமா? தோல் ஷாப்பில் சுண்ணாம்பு போக்கிய தோலை டிரம்மில் போட்டு, 35 டிகிரி வெந்நீரில் தோலை மிருதுவாக்கும் 'பேட்' பொடி தூவிச் சுற்றவிடுகிறார்களே, அந்தப் பொடிகள் பலவற்றில் இருப்பது டிரிப்சின், கணையத்து நொதி. பெருவிரலால் அழுத்தினால் தடம் பதிந்து நிற்கவேண்டும். நின்ற பிறகும் டிரம்மை ஓடவிட்டால் தோலின் மேல்முகம் தளர்ந்து சரக்கு பாழ். 1907 வாக்கில் ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானியர் இதைப் புகுத்தும்வரை ஐரோப்பாவில் இந்த வேலைக்கு நாய்ப் பீயைத்தான் கரைத்தார்கள்.

ஃப்ளூ லேபிலும் இதே டிரிப்சின். அங்கே வைரஸ் வளர்ப்பது எம்டிசிகே செல்களில். 1958இல் ஒரு காக்கர் ஸ்பேனியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தவை. இரண்டு தொழிலுக்கும் நாயார்தான் முதலாளி!

வைரஸ் மேலுள்ள ஹீமக்ளூட்டினின் புரதம் முழுத்துண்டாகப் பிறக்கிறது. யாராவது அதை இரண்டாக வெட்டினால்தான் அடுத்த செல்லின் சவ்வோடு வைரஸ் கலக்கமுடியும். வெட்டும் நொதி வைரஸிடம் கிடையாது. அதனால் லேபில் ஒரு மில்லிக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம் டிரிப்சின் சேர்க்கிறார்கள். அதற்குமுன் செல்லைக் கழுவி, அது வளர ஊற்றிய சீரத்தை (ரத்தநீர்) அகற்றவேண்டும். சீரத்தில் டிரிப்சினை முடக்கும் புரதம் உண்டு. கழுவாமல் விட்டால் வைரஸ் பரவாது. டிரிப்சின் கூடினாலோ செல்களே தட்டிலிருந்து உரிந்துவிடும்.

நம் சுவாசக்குழாயில் இந்த வேலையைச் செய்வது டிஎம்பிஆர்எஸ்எஸ்-2. பெயர் அரசாணை எண் மாதிரி இருக்கிறது, என்ன செய்ய! இந்த நொதி இல்லாத எலிகளுக்கு எச்1என்1 ரக ஃப்ளூ கொடுத்தால் நோய் முற்றவில்லை என்று 2013இல் காட்டினார்கள். எச்3என்2 அவ்வளவு சாது இல்லை, வேறு நொதியையும் பிடித்துக்கொள்கிறது. கொடிய பறவைக்காய்ச்சல் வைரஸுக்கு ஃப்யூரின் என்ற நொதி போதும். அது உடம்பெங்கும் இருப்பதால் நோய் நுரையீரலோடு நிற்பதில்லை. எல்லாவற்றையும் அடக்குகிறேன் என்று கிளம்பினால் நம் சொந்த வேலைகளும் நின்றுபோகும். வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவை நறுக்கும் ஆர்என்ஏஸ்-எல் என்ற காவல் நொதியும் நம்முடையதுதான். அதன் கண்ணை மறைக்கவும் வைரஸ் என்எஸ்1 என்ற புரதத்தை வைத்திருக்கிறது. ஆகவே 'எதிர்ப்பு சக்தி' டப்பா விற்கிறவர்களிடம் இதில் எந்த நொதியைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்று கேட்டுப் பாரும்!

சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு மெடிக்கலில் சண்டை போடுகிறவர்களுக்கு: அது ஃப்ளூ வைரஸைத் தொடாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் மாதிரி பாக்டீரியா பின்னால் சேர்ந்து நிமோனியா ஆனால் டாக்டர் தருவார். அந்த ஸ்டாஃபில் சில ரகங்கள் தம் நொதியாலேயே ஹீமக்ளூட்டினினை வெட்டிக்கொடுத்து வைரஸுக்கு ஒத்தாசை செய்யும்.

கோழிகளின் ராணிக்கெட் நோயிலும் வேறொரு வைரஸ் இதே வெட்டுக்குத்தான் காத்திருக்கிறது. உடனே 'அது எங்கள் ராணிப்பேட்டையில் தோன்றிய நோய்' என்று கார்டு போடாதீர். ராணிக்கெட் இருப்பது உத்தரகாண்டில். ராணிப்பேட்டையில் இருப்பது அதற்குத் தடுப்பூசி தயாரிக்கும் நிலையம்!