திருநாளை அதற்குரிய நாளிலேயே தேடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் நாசரேத்தில் பிறந்து வளர்ந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவன், ஓய்வுபெற்ற ஆசிரியன். என் பாட்டனார் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலேய மிஷன் சங்கத்தின் காலத்தில் உபதேசியாராக இருந்தவர். லண்டனில் இருக்கும் மகள் வீட்டில் அக்டோபர் கடைசியிலிருந்து ஆறு வாரம் தங்கப் போகிறேன். ‘ஆங்கிலோ-கத்தோலிக்க’ ஆராதனையைப் பற்றிப் படித்திருக்கிறேனே தவிர, நேரில் கண்டதில்லை. சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று பழைய முறைப்படி நடக்கும் ஆராதனை ஒன்றில் கலந்துகொள்ள ஆசை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கே நான் நற்கருணை எடுக்கலாமா?
– வாசகர், நாசரேத்

பதில்: ஐயா, நற்கருணை எடுக்கலாம். அதற்குள் ஒரு நீண்ட வரலாறு இருப்பதால் கடைசியில் சொல்கிறேன். முதலில், நீங்கள் தேடுவது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

ஆங்கிலோ-கத்தோலிக்கர் தனித் திருச்சபையினர் அல்லர். இங்கிலாந்துத் திருச்சபைக்கு உள்ளேயே, ‘நாங்கள் பதினாறாம் நூற்றாண்டில் முளைத்தவர்கள் அல்லர், அப்போஸ்தலர் காலத்திலிருந்து அறுபடாமல் வரும் திருச்சபையின் பகுதி’ என்று வலியுறுத்தும் மரபினர் அவர்கள். 1833 ஜூலை 14 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் கீபிள் ஆற்றிய பிரசங்கத்தை இம்மரபின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அவருடன் நின்றவர்களில் ஜான் ஹென்றி நியூமன் 1845இல் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்துவிட்டார். எட்வர்ட் பூசி கடைசிவரை இங்கிலாந்துத் திருச்சபையிலேயே இருந்தார். அந்த முதல் தலைமுறை பெரும்பாலும் உபதேசத்தைப் பற்றியே எழுதியது. அந்த உபதேசத்தைக் கண்ணால் காணும் ஆராதனையாக்கியவர்கள் அடுத்த தலைமுறைக் குருமார். அவர்களில் பலர் நகரங்களின் ஏழைப் பங்குகளில் உழைத்தவர்கள்.

அவர்கள் மீட்க விரும்பியவற்றை ‘ஆறு அம்சங்கள்’ என்று சொல்வார்கள்: குரு கிழக்கு நோக்கி நிற்பது, நற்கருணைக்குரிய திருவுடைகள், பீடத்தில் எரியும் மெழுகுவர்த்திகள், ரசத்தில் சிறிது நீர் கலப்பது, புளிப்பில்லா அப்பம், தூபம். இவற்றை அடக்குவதற்காக 1874இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. அதன் தொடர்ச்சியாக நீதிமன்ற ஆணைக்குப் பணிய மறுத்துச் சிறை சென்ற குருமார் ஐவர். அவர்களில் மான்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த எஸ். எஃப். கிரீன் ஓராண்டுக்கும் மேலாக லங்காஸ்டர் கோட்டைச் சிறையில் இருந்தார். பீடத்தின் மேல் எரியும் இரண்டு மெழுகுவர்த்திகளை வெறும் அலங்காரமாக என்னால் பார்க்க முடியாததற்கு அந்த மனிதர்தாம் காரணம்.

இனி, ‘பழைய முறை’ என்ற சொல். இதில்தான் வெளியூரிலிருந்து போகிறவர்கள் தடுமாறுகிறார்கள். லண்டனில் இச்சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தின் பழைய ஆங்கிலத்தில் நடக்கும் ஆராதனை என்பது ஒன்று. மூன்று குருமார் பீடத்தில் நிற்க, தூபமும் பாடகர் குழுவுமாக நடக்கும் ஆடம்பரச் சடங்குமுறை என்பது மற்றொன்று. பெண்களுக்குக் குருப்பட்டம் அளிப்பதை ஏற்காத பங்கு என்பது மூன்றாவது. முதல் பெண் குருமார் 1994இல் அபிஷேகம் பெற்றதிலிருந்து ஆங்கிலோ-கத்தோலிக்கர் இந்த விஷயத்தில் இரு பிரிவாகவே இருந்து வருகிறார்கள். இம்மூன்றும் ஒரே ஆலயத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. சடங்கில் மிகப் பழமையான ஓர் ஆலயத்தில் பெண் குருவானவர் பீடத்தில் நிற்கலாம். பெண் குருமாரை ஏற்காத ஓர் ஆலயத்தில் ஆராதனை முழுவதும் இக்கால ஆங்கிலத்தில் நடக்கலாம். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது நீங்கள் தேடுவது சடங்குமுறையையும் மொழியையும்தான் என்று தோன்றுகிறது.

ஆலயத்தின் அறிவிப்புப் பலகையே பாதி விடை சொல்லிவிடும். ‘பாரிஷ் கம்யூனியன்’ அல்லது ‘ஃபேமிலி சர்வீஸ்’ என்று இருந்தால் நீங்கள் தேடுவது அங்கே இல்லை. ‘சங் யூக்கரிஸ்ட்’ (பாடல்களோடு நற்கருணை) என்றால் நடுத்தரம். ‘ஹை மாஸ்’ அல்லது ‘சாலம் மாஸ்’ (மேலே சொன்ன ஆடம்பரச் சடங்குமுறை) என்று எழுதி, குருவானவரின் பெயருக்கு முன் ‘ஃபாதர்’ என்று போட்டு, மாலையில் ‘ஈவன்சாங் அண்ட் பெனடிக்‌ஷன்’ (மாலை ஜெபமும் நற்கருணை ஆசீரும்) என்றும் இருந்தால் தயங்காமல் உள்ளே போகலாம். வீட்டிலிருந்தே தேடுவதானால், இங்கிலாந்துத் திருச்சபை நடத்தும் ‘ஏ சர்ச் நியர் யூ’ என்ற இணையதளத்தில் மகளின் வீட்டு அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் அருகிலுள்ள ஆலயங்களும் ஆராதனை நேரங்களும் கிடைக்கும்.

ஆனால் பலகையைவிட நம்பத்தக்க அடையாளம் ஒன்று உண்டு, அது நாள்காட்டி. திருநாளை அதற்குரிய நாளிலேயே, அது செவ்வாயோ வியாழனோ எதுவாயினும், மாலை நேரத்தில் முழு ஆராதனையாக ஆசரிக்கும் ஆலயமே நீங்கள் தேடும் ஆலயம். சகல பரிசுத்தவான்கள் திருநாள் நவம்பர் 1. ஆனால் வாரநாளில் வந்தால் அதை அக்டோபர் 30க்கும் நவம்பர் 5க்கும் இடைப்பட்ட ஞாயிறன்று கொண்டாட இங்கிலாந்துத் திருச்சபையின் நாள்காட்டி இடம் தருகிறது. பல ஆலயங்கள் அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்கின்றன. நானே ஒருமுறை பிப்ரவரி 2 அன்று, ஆண்டவரை ஆலயத்தில் அர்ப்பணித்த திருநாளுக்காக மழையில் முக்கால் மணி நேரம் பயணம் செய்து ஓர் ஆலயத்துக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. திருநாளை முந்தின ஞாயிறே முடித்துவிட்டார்களாம். பலகையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வேலை நாளில் ஜனங்கள் வரமாட்டார்கள் என்ற கவலை எனக்குப் புரிகிறது. ஆயினும், அலுவலகம் விட்டு நேராக ஆலயத்துக்கு வந்து முழங்காலில் நிற்கும் நாற்பது பேருக்கு அந்த வாரநாள் தரும் நிறைவை ஞாயிற்றுக்கிழமை தருவதில்லை என்பதே என் உறுதியான எண்ணம். ஆகவே புறப்படுமுன் பங்கு அலுவலகத்தை அழைத்து, ‘திருநாள் ஆராதனை அந்த நாளிலேயே உண்டா, எத்தனை மணிக்கு?’ என்று கேட்டுவிடுங்கள்.

உங்கள் திருநாளுக்கு என் முதல் தேர்வு, அதே பெயரைத் தாங்கிய ஆல் செயின்ட்ஸ், மார்கரெட் ஸ்ட்ரீட். ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். 1850இல் பூசி அடிக்கல் நாட்ட, வில்லியம் பட்டர்ஃபீல்டின் வரைபடத்தில் எழும்பி 1859இல் பிரதிஷ்டை ஆனது. துணிக்கடைத் தெருக்களுக்கு நடுவே, சிறு முற்றம் ஒன்றுக்குப் பின்னால் நெருக்கிப்பிடித்து நிற்கும் ஆலயம். கோபுரமோ 227 அடி. சிவப்புச் செங்கல்லுக்கிடையே கறுப்புச் செங்கல் வரிவரியாக ஓடும். உள்ளே ஓர் அங்குலச் சுவரைக்கூட வெறுமையாக விடவில்லை. ஹோபர்னில் உள்ள செயின்ட் ஆல்பன்ஸும் பட்டர்ஃபீல்ட் கட்டியதுதான். சடங்கு வழக்குகளில் ஆண்டுக்கணக்கில் இழுக்கப்பட்ட மெக்கனோகி அடிகளார் குருவாக இருந்த இடம் அது. ஸ்லோன் ஸ்கொயர் அருகே செயின்ட் மேரிஸ், போர்ன் ஸ்ட்ரீட், லண்டன் பாலத்தருகே செயின்ட் மேக்னஸ் தி மார்ட்டிர் ஆகியவையும் ஹை மாஸுக்குப் பெயர்பெற்றவை.

இருபது நிமிடம் முன்னதாகப் போங்கள். வாசலில் ஆராதனை முறையை அச்சிட்ட சிற்றேடு ஒன்று தருவார்கள். முன்வரிசையில் உட்காராமல் நடுவில் உட்கார்ந்தால், முன்னால் இருப்பவர்களைப் பார்த்து எழலாம், முழங்காற்படியிடலாம். நம் ஊரைப்போலச் செருப்பைக் கழற்ற வேண்டாம். உடன் வரும் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டால் யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். போடாதவர்களே அங்கு அதிகம்.

பீடத்தின் முன் திருவுடை அணிந்து மூவர் ஒருவர்பின் ஒருவராக நிற்பார்கள்: குரு, அவருக்குப் பின் சுவிசேஷம் வாசிக்கும் டீக்கன், அவருக்கும் பின் நிருபம் வாசிக்கும் சப்டீக்கன். ஊரில் குருவானவர் சபையைப் பார்த்து நின்று திருவிருந்து நடத்துவதைக் கண்டு பழகிய உங்களுக்கு, இங்கே அவருடைய முதுகே தெரிவது முதலில் அந்நியமாக இருக்கும். அவர் உங்களைப் புறக்கணித்து நிற்கவில்லை, உங்களோடு சேர்ந்து ஒரே திசையை நோக்கி நிற்கிறார் என்று எண்ணிக்கொண்டால் சில நிமிடங்களில் அந்த உணர்வு மாறிவிடும். காணிக்கைப் பாடலின்போது பீடத்துக்கும் குருமாருக்கும் தூபம் காட்டியபின், தூபகலசம் ஏந்தியவர் சபையின் முன் வந்து நின்று தலைவணங்குவார். எல்லாரும் எழுந்து பதிலுக்கு வணங்குவார்கள். சங்கிலியில் கலசம் மோதும் சிறு ஓசை மூன்று முறை கேட்கும். மூன்று வீச்சு நடுவில், பிறகு இரு பக்கமும். பீடத்துக்குக் காட்டிய அதே தூபத்தை, மழைக்கோட்டோடு வந்து நிற்கும் சாதாரண ஜனங்களுக்கும் காட்டுகிறார்கள் என்பதை முதன்முறை உணர்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. விசுவாசப் பிரமாணத்தில் ‘மனுஷனானார்’ என்னும் இடத்தில் எல்லாரும் முழங்கால் மடிப்பார்கள். முதுமையால் முடியாதவர்கள் தலைகுனிந்தால் போதும்.

மறுநாள் நவம்பர் 2, மரித்த விசுவாசிகள் நினைவு நாள். கறுப்புத் திருவுடையில் நடக்கும் அந்த ஆராதனையில் மரித்தோரின் பெயர்களை வாசித்து ஜெபிப்பார்கள். மரித்தோருக்காக ஜெபிக்கும் வழக்கம் நம் சபைகளில் இல்லை என்பதால் மனம் ஒப்பாவிட்டால் போக வேண்டியதில்லை. போனால், உங்கள் பாட்டனார் பெயரையும் பட்டியலில் எழுதச் சொல்லிக் கேட்கலாம்.

இனி நற்கருணை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சி.எஸ்.ஐ. உருவானபோது, இங்கிலாந்தில் அதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் இந்த ஆங்கிலோ-கத்தோலிக்கரே. பேராயர் கைவைத்து அபிஷேகம் பண்ணாத மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் போதகர்களையும் ஊழியர்களாக ஏற்றுக்கொண்ட திருச்சபையோடு ஐக்கியம் வைப்பது எப்படி என்பது அவர்கள் கேள்வி. எஸ்.பி.ஜி. சபைகளில் வளர்ந்த நம்மவர்களுக்கு அது ஆழமான வலியாக இருந்திருக்கும். பிறகு காலம் மாறியது; சி.எஸ்.ஐ. இன்று ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையோடு உறவு கொண்ட உலகத் திருச்சபைகளின் கூட்டத்தின், முழு அங்கம். மேலும், ஞானஸ்நானம் பெற்றுத் தம் சொந்தத் திருச்சபையில் நற்கருணை எடுப்பவர் எவரும் இங்கும் எடுக்கலாம் என்று இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டமே சொல்கிறது. எனவே தயங்காமல் கிராதியண்டை போய் முழங்காற்படியிடுங்கள். அப்பத்தை வலது உள்ளங்கையிலோ நாவிலோ வாங்கலாம். பாத்திரம் பிறகு வரும்.

கேள்வி: தூத்துக்குடியைச் சேர்ந்த ரோமன் கத்தோலிக்கப் பெண் நான். லண்டனில் ஓர் ஆலயத்தில் பூசை என்று எண்ணி உட்கார்ந்து, பாதியில்தான் அது ஆங்கிலிக்கன் ஆலயம் என்று உணர்ந்தேன். நற்கருணை வாங்காமல் இருந்துவிட்டேன். செய்தது சரிதானா?
– வாசகி, லண்டன்

பதில்: சரிதான், அம்மா. அவர்கள் உங்களுக்குத் தர மறுக்கமாட்டார்கள். ஆனால் அங்கே வாங்க உங்கள் திருச்சபை அனுமதிப்பதில்லை. இருக்கையிலேயே ஜெபத்தில் இருக்கலாம், அல்லது கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு முன்னால் போனால் குரு ஆசீர் அளிப்பார். இனிமேல் வாசலிலேயே அறிய, பலகையில் ‘சர்ச் ஆஃப் இங்கிலாண்ட்’ என்ற சொற்களைத் தேடுங்கள். உள்ளே போய்விட்டாலும் ஒரு குறிப்பு உண்டு: மன்றாட்டில் அரசருக்காகவும் லண்டன் பேராயருக்காகவும் ஜெபித்துத் திருத்தந்தையின் பெயர் வராவிட்டால் அது ஆங்கிலிக்கன் ஆலயமாகவே பெரும்பாலும் இருக்கும். பெரும்பாலும் என்கிறேன், ஏனெனில் திருத்தந்தைக்காக ஜெபிக்கும் ஆங்கிலிக்கன் பங்குகளும் உண்டு. அந்த அழகிய பழைய ஆங்கிலமும் வேண்டும், நற்கருணையும் வாங்க வேண்டும் என்றால், சோஹோவில் வார்விக் தெருவிலுள்ள கத்தோலிக்க ஆலயத்துக்குப் போங்கள். ஆங்கிலிக்கன் மரபிலிருந்து ரோமோடு இணைந்தவர்களுக்காக 2011இல் நிறுவப்பட்ட ‘ஆர்டினரியேட்’ என்னும் கத்தோலிக்க அமைப்பின் ஆலயம் அது.

கேள்வி: யாழ்ப்பாணம் சுண்டிக்குளியைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் குடும்பம் எங்களுடையது, இப்போது ஸ்கார்பரோவில் இருக்கிறோம். டொரொண்டோவில் இப்படி ஆராதனை உண்டா? அறுபது வயதில் புதிதாகப் பழக முடியுமா?
– வாசகர், ஸ்கார்பரோ

பதில்: உண்டு, ஐயா. செயின்ட் மேரி மக்தலீன் ஆலயத்தில் ஹீலி வில்லன் என்ற இசைமேதை 1921 முதல் 1968இல் இறக்கும்வரை பாடகர் குழுவை நடத்தினார். அங்கே பாடுவதற்கென்றே அவர் இயற்றியவை ஏராளம். ஹூரன் தெருவிலுள்ள செயின்ட் தாமஸ் ஆலயமும் அம்மரபினதே. சுண்டிக்குளி சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷன் வளர்த்த சபை. தூபமோ திருவுடையோ இல்லாமல் வசனத்தையும் பிரசங்கத்தையும் முன்வைத்த மரபு அது. ஆகவே முதல் நாளே ஹை மாஸுக்குப் போவதைவிட, பிப்ரவரி 2ஆம் தேதித் திருநாளில் தொடங்குங்கள். பங்கில் அது எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்திகளை ஆசீர்வதித்து ஆளுக்கொன்று கையில் தருவார்கள். அவற்றை ஏற்றிக்கொண்டு சபையார் பவனி வரும்போது பாடுவது, மாலை ஆராதனையில் சிறு வயதிலிருந்தே நீங்கள் பாடி வரும் சிமியோனின் பாட்டுத்தான். கையுறையைக் கழற்றிவிட்டு மெழுகுவர்த்தியைப் பிடியுங்கள். உருகும் மெழுகு கம்பளியில் பட்டால் போகாது.