எண்ணெய்க் கசிவுக்கு உயிர்க்கரி: எண்ணூரில் பயன்படுமா?

கேள்வி: வேதி மாற்றம் செய்த உயிர்க்கரியால் நீரில் கலந்த எண்ணெயை அகற்றலாம் என்கிறார்கள். எண்ணூர் போன்ற இடத்தில் அது உண்மையிலேயே உதவுமா?

உதவும். உயிர்க்கரி என்பது உமி, மரம் போன்றவற்றைக் காற்று குறைவாக வைத்துச் சுட்டெடுக்கும் கரி. ஆனால் அதைத் தூளாக அள்ளி நீரில் தூவக் கூடாது. தூவினால் நன்மையைவிடக் கெடுதல்தான் அதிகம்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போயிருந்தேன். மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் பரவி, படகு, வலை, அலையாத்தி வேர் என எல்லாவற்றிலும் அப்பிக் கிடந்தது. மீனவர்கள் படகில் குனிந்து குவளையால் மொண்டு பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் கரையில் வாளியால்தான் அள்ளினார்கள். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன் நான். அந்தக் காட்சி இன்றும் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

திரும்பியதும் மாணவர்களோடு ஒரு எளிய சோதனை செய்தோம். கண்ணாடித் தொட்டியில் உப்புநீர், மேலே பழைய இன்ஜின் ஆயில், அதன்மீது உமிக்கரி. கரி சிறிது நேரம் மிதந்தது. பிறகு நீரைக் குடித்துக் கனத்து, ஒட்டிய எண்ணெயையும் இழுத்துக்கொண்டு அடியில் போய்ப் படிந்தது. மேலே பார்த்தால் நீர் தெளிவாகத் தெரிந்தது. எண்ணெய் எங்கும் போய்விடவில்லை, கண்ணுக்கு மறைந்திருந்தது, அவ்வளவுதான்.

காரணம் எளிது. காற்று குறைந்த சூழலில், ஏறத்தாழ 300 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பத்தில் உயிர்க்கரி உருவாகிறது. குறைந்த வெப்பத்தில் வெந்த கரியின் மேற்பரப்பில் ஆக்சிஜன் சேர்ந்த தொகுதிகள் நிறைய மிஞ்சும். அவை நீரை விரும்புபவை. உமியில் உள்ள சிலிக்காவும் அப்படித்தான். எனவே மாற்றம் செய்வதன் முதல் நோக்கம், கரிக்கு நீரைப் பிடிக்காமல் செய்வது. எத்தனாலில் கரைத்த ஸ்டியரிக் அமிலத்தில் கரியை ஊறவைத்து உலர்த்தினோம். மெழுகுவர்த்திக்கும் சோப்புக்கும் பயன்படுகிற அதே அமிலம்தான். அதன் பிறகு கரியின்மேல் விட்ட நீர்த்துளி சேம்பிலைத் தண்ணீராக உருண்டோடியது, எண்ணெய்த்துளி சட்டென்று உள்ளே இறங்கியது. நீர்த்துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம், அதாவது தொடுகோணம், 90 பாகைக்கு மேல் போனால் நீர் ஒட்டாது, 150 பாகையைத் தாண்டினால் நிற்கவே நிற்காது.

விற்பவர்கள் ‘ஒரு கிராமுக்கு இத்தனை சதுர மீட்டர் பரப்பு’ என்று பெருமையாகச் சொல்வார்கள். எண்ணெய்க் கசிவுக்கு அந்த எண்ணை நம்பாதீர்கள். அந்தப் பரப்பில் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்கும் குறுகிய துளைகளில் இருக்கிறது. கப்பலில் எரிக்கும் கெட்டி எண்ணெய் அவற்றில் நுழையாது. மரத்தில் நீர் ஏறிய குழல்கள் கரியான பிறகும் அப்படியே இருக்கின்றன. அந்தக் குழல்களிலும் துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளிலும்தான் எண்ணெய் தங்கும். அதனால் ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக் கருவேலக் கரி இதற்கு நல்ல மூலப்பொருள் என்பது என் கருத்து.

காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்பு ஆக்சைடான மேக்னடைட்டை ஏற்றிய காந்தக் கரியைப் பற்றியும் படித்திருப்பீர்கள். காந்தத்தைக் காட்டினால் எண்ணெயோடு சேர்ந்து ஓடி வரும், பார்க்க அழகாக இருக்கும். ஆலைக் கழிவுநீர்த் தொட்டிக்கு அது பொருத்தம். மேக்னடைட்டின் அடர்த்தி நீரைப்போல் ஐந்து மடங்கு. கொஞ்சம் கூடினாலும் கரி மூழ்கிவிடும். சேறு கலங்கிய கழிமுகத்தில் யார் காந்தத்தை இழுத்துக்கொண்டு திரிவது?

எண்ணெயை மூழ்கடிப்பது தீர்வல்ல என்பது பழைய பாடம். 1967இல் டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் உடைந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் சுண்ணப்பொடி கொட்டி எண்ணெயைக் கடலடிக்கு அனுப்பினார்கள். இன்று அமெரிக்க விதிகள் அப்படிப்பட்ட மூழ்கடிப்பான்களை அனுமதிப்பதில்லை. எண்ணூரில் அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் ஊறிய கரித்தூள் அவர்கள் கைக்குத்தான் வந்து சேரும்.

ஆகவே கரியைத் துணிக்குழாயில் அடைத்துத் தைக்க வேண்டும். 2020இல் மொரீஷியஸ் கரையோரம் வகாஷியோ கப்பலின் எண்ணெய் கசிந்தபோது, மக்கள் கரும்புத் தோகையைத் துணியில் திணித்து நீளநீளமான மிதவைத் தடுப்புகளைத் தாங்களே தைத்துக் கடலில் இறக்கினார்கள். தோகையின் இடத்தில் நீர் ஒட்டாத கரியை வைத்தால் அது கூடுதல் நேரம் மிதக்கும், எண்ணெய் ஊறியதும் கயிற்றைப் பிடித்து முழுதாக இழுத்துவிடலாம். ஆனால் பஞ்சைப்போல் பிழிந்து திரும்பப் பயன்படுத்த முடியாது, கரி நொறுங்கிவிடும். ஊறிய குழாய்கள் அபாயகரக் கழிவு. மூடிய பீப்பாயில் வைத்து, சிமெண்ட் சூளை போன்ற உயர்வெப்ப உலைக்கு அனுப்ப வேண்டும். ஊர் ஓரத்தில் கொட்டவோ கொளுத்தவோ கூடாது.

இன்னொன்று, நேரம். அலையில் அடிபட்ட எண்ணெய் நீரோடு கலந்து கட்டித் தயிராக மாறிவிடும். அதற்குள் கரியால் நுழைய முடியாது, இயந்திரத்தால்தான் வழித்தெடுக்க வேண்டும். கசிவு நடந்த பிறகு கரிக்கு டெண்டர் விடுவதில் பயனில்லை. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பே காட்டுக்குப்பம், தாழங்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் தைத்த குழாய்கள் நனையாத அறையில் அடுக்கியிருக்க வேண்டும். கையுறையும் காலி பீப்பாய்களும் அதே அறையில் இருக்க வேண்டும். 2023இல் குவளையோடு குனிந்திருந்த பலரின் கையில் கையுறை இல்லை.