அம்மாவின் தொண்ணூறு நாள்

அன்புத் தங்கைக்கு,

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்து ஏழு மாதம் ஆகிறது, வயிற்றில் நான்கு மாதக் குழந்தை, பிரசவத்துக்கு அம்மா வருவார், அவர் திரும்பிய பிறகு கைகொடுக்க யாருமில்லை, எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எந்தக் குழந்தை வண்டி நல்லது, எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம், மாதம் எவ்வளவு செலவாகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வண்டி எதை வாங்கினாலும் உருளும். இங்கே வீடு கிடைப்பதே பெரும்பாடு, பகுதியைத் தேர்ந்தெடுக்கவெல்லாம் வழியில்லை. செலவை உங்கள் கணவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது அம்மாவின் வருகையைப் பற்றி.

டிக்கெட் எடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். விசாவில் அவருக்குக் கிடைப்பது 180 நாளில் 90 நாள்தான். நான் 2011இல் இங்கே வந்தேன். மறு ஆண்டு நவம்பர் 11 என்று மருத்துவர் நாள் குறித்தார். தலைப்பிரசவம், அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அக்டோபர் 12ஆம் தேதியே திருநெல்வேலியிலிருந்து வரவழைத்தோம். மகன் பிறந்தது நவம்பர் 20. அதற்குள் நாற்பது நாள் போய்விட்டது. அந்த நாற்பது நாளும் அம்மா எனக்கு முறுக்கு சுட்டுத் தந்தார், ஜன்னலில் மழையைப் பார்த்தார். ஜனவரி 9ஆம் தேதி அவர் விமானம் ஏறியபோது குழந்தைக்கு ஏழு வாரம். ஏறக்குறைய ஆறாவது வாரத்தில்தான் பச்சைக் குழந்தைகளின் அழுகை உச்சத்துக்குப் போகும். அது எனக்குத் தெரியாது.

பிரசவத்தை இந்த ஊர் மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். பிறந்த முதல் இரண்டு வாரம் கணவர் விடுப்பு எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும். அம்மா அதன் பிறகு வரட்டும். மாமியாரும் வருவதாக இருந்தால் இருவரையும் சேர்த்து அழைக்காதீர்கள், ஒருவர் போனபின் ஒருவர் வரட்டும். இதைச் சொன்னால் ஊரில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அடுத்தது மருத்துவச்சி. இங்கே ஹெபாமே என்பார்கள். பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் பார்ப்பார், அரசுக் காப்பீடு அதற்குப் பணம் தருகிறது. ஆனால் ஆள் கிடைப்பது அரிது. நான் எட்டாம் மாதத்தில் தேடி, ஒருவரும் கிடைக்காமல் நின்றேன். மகளுக்கு, 2016இல், கர்ப்பம் உறுதியான அன்றே தொலைபேசியை எடுத்துவிட்டேன். அந்த அம்மாள் பையிலிருந்து கொக்கித் தராசு ஒன்றை எடுப்பார். குழந்தையைத் துணியில் கிடத்தி, நான்கு முனையையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டித் தூக்குவார். தூளியில் கிடப்பதுபோல அவள் சுருண்டு கிடப்பாள். நூறு கிராம் ஏறியிருந்தால் எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கும். உங்களுக்கு இது நான்காம் மாதம். நாளை காலையே கூப்பிடத் தொடங்குங்கள்.

கிட்டா என்கிற குழந்தைகள் காப்பக விஷயமும் அப்படித்தான். ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் கேட்கும் சட்ட உரிமை 2013 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. என் மகனுக்கு அந்த நவம்பரில் ஒரு வயது. உரிமை இருந்தது, இடம் இல்லை. குழந்தை பிறந்ததும் பதிந்துவையுங்கள், வீட்டில் வைத்துச் சில பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டாகெஸ்முட்டர்களையும் விசாரியுங்கள். இடம் கிடைத்தாலும் மறுநாளே விட்டுவிட்டு ஓட முடியாது. முதல் சில நாள் நீங்களும் அந்த அறையிலேயே உட்கார வேண்டும், பிறகு பத்து நிமிடம், அரை மணி என்று பிரிந்து பழக்குவார்கள். வாரக்கணக்கில் ஆகும். வேலையில் சேரும் தேதியை அதற்கேற்ப வையுங்கள்.

இனி உங்கள் கணவருக்கு. தம்பி, இதைப் படியுங்கள். பெற்றோர் உதவித்தொகை 12 மாதம். தந்தையும் குறைந்தது இரண்டு மாதம் எடுத்துக்கொண்டால் அது 14 மாதம். 2024 ஏப்ரல் முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பொதுவாக இருவரும் சேர்ந்தாற்போல் ஒரு மாதம்தான் எடுக்க முடியும். அந்த ஒன்றை உங்கள் மனைவியின் அம்மா ஊர் திரும்பும் வாரத்திலிருந்து எடுங்கள். மற்றதை கிட்டாவில் பழக்கும் நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பு தொடங்க ஏழு வாரம் முன்பே அலுவலகத்துக்கு எழுதித் தந்துவிட வேண்டும். மேலாளர் என்ன நினைப்பாரோ என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். பக்கத்து மேசை ஜெர்மன்காரர் கூச்சமில்லாமல் எடுக்கிறார். எங்கள் மகன் பிறந்தபோதும் இந்த உதவித்தொகை இருந்தது. என் கணவர் பத்தாம் நாள் வேலைக்குப் போனார். அதை இன்றும் அவரால் மறக்க முடியவில்லை.

“நாங்கள் எல்லாம் ஒருத்தர் உதவியும் இல்லாமல் வளர்த்தோம்” என்று உங்களிடம் சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். எட்டு மாதக் குழந்தையை ஊருக்கு அனுப்பி மூன்று வயதில் திரும்ப அழைத்துக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. அவரவர் நெருக்கடி அவரவருக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை மறைத்துவிட்டுப் புதிதாக வருகிற பெண்களிடம் வீரம் பேசுவது பெரிய தவறு. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நானும் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தேன்.

அம்மா போன மூன்றாம் நாள் இரவு கணவர் வெளியூரில். கதவுச் சட்டத்தின் இரும்புக் கம்பியில் அம்மா தன் சுங்குடிச் சேலையால் தூளி கட்டிவிட்டுப் போயிருந்தார். அதிலும் மகன் தூங்கவில்லை. ஆறு மணிக்குத் தொடங்கிய அழுகை பத்தரைக்கும் நிற்கவில்லை. அழைப்பு மணி அடித்தது. சத்தம் என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கையெல்லாம் நடுங்கக் கதவைத் திறந்தேன். கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா. ஓர் ஆண்டாகப் படிக்கட்டில் பார்த்துச் சிரித்ததோடு சரி. “பிள்ளையைத் தாரும், நீர் போய்ப் படும்” என்றார்.

நான் ஆறு மணி நேரம் தூங்கினேன். விடிந்து பார்க்கும்போது மகன் அவர் தோளில், அவர் சோபாவில், இருவரும் உறக்கம். அன்று மதியம் கீழேயிருந்து சரக்குக் கறி வந்தது. மல்லி, மிளகு, மஞ்சள், பூண்டு எல்லாம் வைத்துப் பிள்ளைப்பேறானவளுக்கென்று அவர்கள் ஊரில் அரைத்து வைக்கிற கறி. 1986இல் அகதியாக வந்தவர் அவர். ஒரே அறையில், மொழி தெரியாமல், மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். எங்களைப் போல வேலை விசாவில் வந்த தமிழ்நாட்டுக்காரர்கள் பலர் ஈழத்தவரிடம் ஒட்டாமல் தள்ளியே நிற்கிறோம். நானும் அப்படித்தான் ஓர் ஆண்டை வீணாக்கினேன். நீங்கள் உங்கள் கட்டடத்தில் இந்த வாரமே கதவைத் தட்டுங்கள். ஜெர்மன் பாட்டியாக இருந்தாலும் தட்டுங்கள், அதற்கு வேண்டிய நாலு வாக்கியத்தை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். வயிற்றில் மகளை வைத்துக்கொண்டுதான் நான் ஜெர்மன் மொழிக்கான பி1 தேர்வு எழுதினேன்.

மகன் இப்போது ஏழாம் வகுப்பு. அக்காவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடிவதில்லை. சனிக்கிழமை தோறும் அவர் கடைக்குப் போய்வந்தால் பைகளைத் தூக்கி வருவது அவன்தான். என் அம்மாவை அவன் ஆச்சி என்று கூப்பிடுகிறான், அவரை அம்மம்மா என்று.