லைசென்ஸே இல்லை, வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 43 வயது. சொந்த ஊர் சங்ககிரி பக்கம். ஊரில் ஒன்பது வருடம் லாரி ஓட்டினேன், பெரும்பாலும் நாக்பூர் லைன். அக்கா மனு போட்டு கிரீன் கார்டு கிடைத்து, குடும்பத்தோடு டெக்சாஸ் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இர்விங்கில் ஒரு கேஸ் ஸ்டேஷன் கடையில் நிற்கிறேன். கையில் 9,000 டாலர் சேமிப்பு இருக்கிறது. டிரக் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் 6,500 டாலர் கேட்கிறார்கள். முடியாவிட்டால் 18 சதவீத வட்டியில் இரண்டு வருடக் கடன் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். "பாஸ் ஆனால் போதும், கம்பெனிகள் க்யூவில் நிற்கும்" என்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் 500 டாலர் அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் கடைக்கு டீசல் போட வரும் டிரைவர் ஒருவர், "பணம் கட்டுறதுக்கு முன்னாடி கம்பெனிகளுக்கு அப்ளை பண்ணு" என்கிறார். லைசென்ஸே இல்லாமல் எப்படி? இலவசமாகக் கற்றுத்தந்து ஒரு வருடம் வேலை வாங்கும் கம்பெனிகளும் உண்டாம். சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மனைவியின் பகுதி நேர வேலையில் மாதம் 1,500 டாலர் வருகிறது, வீட்டுச் செலவு 3,400. அட்வான்ஸ் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். இந்த வெள்ளிக்கிழமை கண்டிப்பாக வேண்டாம். அந்த டிரைவர் சொன்னதுதான் சரி.

அமெரிக்காவில் புது டிரைவர்களை எடுக்கும் பெரிய டிரக் கம்பெனிகள், லைசென்ஸ் இல்லாதவர்களின் விண்ணப்பத்தையும் வாங்கிக்கொள்ளும். ஆன்லைன் படிவத்தில் "கிளாஸ் ஏ லைசென்ஸ் (கனரக டிரக் லைசென்ஸ்) இருக்கிறதா" என்ற இடத்தில் "இல்லை, பள்ளியில் சேரப்போகிறேன்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ரெக்ரூட்டர், அதாவது கம்பெனிக்கு ஆள் எடுப்பவர், போன் செய்வார். அவருக்குத் திருப்தி என்றால் ஒரு கடிதம் வரும். அதை ப்ரீ-ஹயர் லெட்டர் என்பார்கள். பள்ளியை முடித்து, லைசென்ஸ் எடுத்து, மருத்துவப் பரிசோதனை, போதைமருந்துப் பரிசோதனை, பின்னணி விசாரணை எல்லாம் தாண்டி வந்தால் உங்களை ஓரியன்டேஷனுக்கு (வேலையில் சேரும்போது நடக்கும் அறிமுகப் பயிற்சிக்கு) கூப்பிடுவோம் என்று அதில் இருக்கும். இது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் "எங்களுக்குப் பிடித்திருக்கிறது" என்று சொல்லி அனுப்புவது மாதிரி. அதை நம்பி மண்டபம் பிடிக்க முடியாது.

அப்புறம் எதற்கு இந்தக் கடிதம்? உங்களுக்கு அதில் வரும் "சரி"யைவிட, வராமல் போகும்போது கிடைக்கும் காரணம்தான் முக்கியம். "உங்கள் வீடு இருக்கும் ஏரியாவில் நாங்கள் ஆள் எடுப்பதில்லை" என்று ஒரு கம்பெனி சொல்லும். "அமெரிக்க கார் லைசென்ஸ் இன்னும் கொஞ்ச வருடம் பழசாக இருக்க வேண்டும்" என்று இன்னொன்று சொல்லும். இரண்டே வருடம் ஆன உங்களுக்கு இது கட்டாயம் இடிக்கும். "அந்தப் பள்ளியில் படித்தவர்களை எடுப்பதில்லை" என்றும் ஒரு பதில் வரலாம். இதெல்லாம் 6,500 டாலர் கட்டும் முன் தெரிந்தால் உங்களுக்கு நஷ்டம் ஒரு போன் காலின் நேரம்தான். கட்டிய பிறகு தெரிந்தால் லைசென்ஸ் பர்ஸில் இருக்கும், கடன் தலையில் இருக்கும், நீங்கள் அதே கவுன்டரில் நிற்பீர்கள். லைசென்ஸ் எடுத்துவிட்டுப் பல மாதம் ஓட்டாமல் இருந்தால், திரும்பவும் பயிற்சி எடுத்துவிட்டு வா என்று சொல்லும் கம்பெனிகள் பல. அதனால் "முதலில் லைசென்ஸ், வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பது இந்தத் தொழிலில் சரிப்பட்டு வராது.

ஐந்தாறு கம்பெனிகளுக்குப் போடுங்கள். போனில் நான்கு விஷயங்களைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பள்ளிகளை ஏற்பீர்கள், பள்ளி முடிந்து சேர்ந்ததும் ட்ரெய்னரோடு எத்தனை வாரம் ஓட்ட வேண்டும், அந்த வாரங்களில் சம்பளம் எவ்வளவு, பள்ளிக் கட்டணத்தைத் திருப்பித் தருவீர்களா. போனில் இனிக்க இனிக்கப் பேசிவிட்டு எழுதித் தரத் தயங்குபவரை அத்தோடு விட்டுவிடலாம்.

உங்கள் ஒன்பது வருட லாரி அனுபவம் பற்றி. மெக்சிகோ, கனடா தவிர வேறு நாட்டு கனரக லைசென்ஸை இங்கே மதிப்பதில்லை. நாக்பூர் லைனில் நீங்கள் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தாலும் இங்கே நீங்கள் புது ஆள். ஆனாலும் அந்த வருடங்களைப் படிவத்தில் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் கம்பெனிகள் பொதுவாகப் பத்து வருட வேலை விவரம் கேட்கும். இடையில் வெற்றிடம் இருந்தால் சந்தேகம் வரும். சங்ககிரி முதலாளியிடம் இப்போதே பேசி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை ஓட்டினீர்கள், என்ன வண்டி, தொடர்பு எண் என்ன என்று லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். நம் ஊர் லாரி ஆபீஸ்களில் சம்பளக் கணக்கு ஒரு நோட்டில்தான் இருக்கும் என்பது எனக்கும் தெரியும். அந்த நோட்டிலிருந்தாவது எழுதித் தரச் சொல்லுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். பள்ளிக்கு நாலு வாரம், தேர்வுத் தேதிக்குக் காத்திருப்பது, ஓரியன்டேஷன், முதல் சம்பளம் கைக்கு வருவது எல்லாம் சேர்த்து இரண்டு மாதம் உங்கள் வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி சம்பளம் போக மாதம் 1,900 துண்டு விழும். இரண்டு மாதத்துக்கு 3,800. சேமிப்பில் 6,500 எடுத்துக் கட்டிவிட்டால் மிச்சம் 2,500தான். ஆக 1,300 டாலர் உதைக்கிறது. இதில் கார் ரிப்பேர், பிள்ளைகள் செலவு எதையும் நான் சேர்க்கவில்லை.

பள்ளி சொல்லும் கடன்? 18 சதவீதத்தில் 24 மாதத்துக்குத் தவணை மாதம் சுமார் 325 டாலர். வட்டி மட்டுமே 1,290 டாலர் பக்கம் போகும். "கவலைப்படாதீங்க, கம்பெனி திருப்பித் தரும்" என்பார்கள். தருகிற கம்பெனிகள் நிஜமாகவே உண்டு. ஆனால் மொத்தமாகத் தர மாட்டார்கள், மாதாமாதம்தான். மாதம் 150 டாலர் என்றால் 6,500 திரும்பி வர 43 மாதத்துக்கு மேல் ஆகும். வேலையை விட்ட மாதமே அது நின்றுவிடும். புது டிரைவர் முதல் கம்பெனியில் மூன்றரை வருடம் தாக்குப்பிடிப்பது அபூர்வம். கடன் தவணை மட்டும் நிற்காது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கதவைத் தட்டுங்கள். 2014இல் வந்த வியோவா சட்டத்தின் கீழ், வேலைப் பயிற்சிக்கு அரசு பணம் தருகிறது. டெக்சாஸில் வொர்க்ஃபோர்ஸ் சொல்யூஷன்ஸ் அலுவலகங்களில் கேட்க வேண்டும். கிரீன் கார்டுக்காரர்களும் விண்ணப்பிக்கலாம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு முன்னுரிமை உண்டு. கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். பள்ளி அவர்களின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும், அவர்கள் ஒப்புதல் தந்த பிறகுதான் நீங்கள் சேர வேண்டும். முன்கூட்டியே சேர்ந்து பணம் கட்டிவிட்டுப் போய்க் கேட்டால் பொதுவாகத் தர மாட்டார்கள். அந்த 500 டாலர் அட்வான்ஸ்மேல் எனக்கு இத்தனை கோபம் இதனால்தான். இன்னொன்று, அங்குள்ள அதிகாரி பெரும்பாலும் கேட்கும் முதல் காகிதமே ப்ரீ-ஹயர் லெட்டர்தான். பயிற்சி முடித்தால் இவருக்கு வேலை உண்டு என்று அவர் கோப்பில் காட்ட வேண்டுமே. மூன்று கடிதங்களோடு போய் உட்காருங்கள்.

அது அமையாவிட்டால் கம்பெனியே கற்றுத்தரும் வழி. கேவலமான வழி ஒன்றும் இல்லை, நிறையப் பேர் அப்படித்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் "இலவசம்" என்ற சொல்லைக் காதில் வாங்காதீர்கள். அது ஒரு கடன் பத்திரம், வட்டிக்குப் பதில் உங்கள் ஒரு வருடத்தைக் கேட்கிறது. வேலைக்கு வைத்தவர்களே ஆளைக் கடனாளி ஆக்கும் இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் பற்றி அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2023 ஜூலையில் ஒரு அறிக்கையே வெளியிட்டது. ஒப்பந்தத்தில் கடன் தொகை 6,000 என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாவது மாதம் முடிந்து விலகுகிறீர்கள். மாதாமாதம் கழியும் ஒப்பந்தம் என்றால் பாக்கி 1,500. கழியாத ஒப்பந்தம் என்றால் முழு 6,000. இரண்டு கம்பெனிகளின் விளம்பரமும் ஒரே மாதிரிதான் இருக்கும், வித்தியாசம் அந்த ஒரு வரியில். அவர்களே உங்களை நீக்கினால் என்ன, உடம்பு முடியாமல் போனால் என்ன என்ற வரிகளையும் தேடிப் படியுங்கள்.

சம்பளத்தைக் குறைவாகவே போட்டுத் திட்டமிடுங்கள். அரசுக் கணக்குப்படி 2023 மே மாதத்தில் கனரக டிரக் டிரைவர்களின் நடுமட்ட ஆண்டுச் சம்பளம் 54,320 டாலர். இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்களும் அடக்கம். நெடுந்தூர ஓட்டத்தில் மைலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. சரக்கு ஏற்றும் இடத்தில் வண்டி நாலு மணி நேரம் காத்துக் கிடந்தால் மைல் ஓடாது. மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டும் டிரைவர்களுக்கு மத்தியச் சட்டப்படி ஓவர்டைம் கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள்.

சுகர் பற்றிப் பயப்பட வேண்டாம். மாத்திரையில் கட்டுக்குள் இருந்தால் அதுவே தடையாகாது. இன்சுலின் போடுபவர்கள்கூட 2018 நவம்பரிலிருந்து, மருத்துவர் நிரப்பிய படிவமும் மூன்று மாத குளுக்கோமீட்டர் பதிவும் காட்டினால் ஓட்டலாம். ரத்த அழுத்தம்தான் பலரை மடக்குகிறது. 140/90க்குக் கீழே என்றால் இரண்டு வருட மருத்துவச் சான்றிதழ் வரை கிடைக்கும், 180/110 தொட்டுவிட்டால் அன்றைக்குச் சான்றிதழே கிடையாது. பள்ளிப் பணத்துக்கு முன் இந்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். இன்னொரு விஷயம். கேஸ் ஸ்டேஷன் கடைகளில் ஹெம்ப் (கஞ்சாச் செடி வகை) கம்மி மிட்டாய் விற்கிறார்களே, அதைத் தொட்டே பார்க்காதீர்கள். கடையில் விற்கிறது, அதனால் பரவாயில்லை என்ற வாதம் டிரைவர்களுக்கான போதைமருந்துப் பரிசோதனையில் எடுபடாது. தோற்றால் 2020 ஜனவரியிலிருந்து நடக்கும் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறும், ஐந்து வருடமாவது அங்கேயே இருக்கும்.

மருத்துவச் சான்றிதழ் வந்ததும் எழுத்துத் தேர்வு எழுதிப் பெர்மிட் (நம் ஊர் எல்.எல்.ஆர். மாதிரி) எடுங்கள். பெர்மிட் கையில் வந்து 14 நாள் கழித்துத்தான் ஓட்டுத் தேர்வு தருவார்கள். 2022 பிப்ரவரி 7 முதல், பயிற்சிப் பள்ளிகளுக்கான மத்தியப் பதிவேட்டில் உள்ள பள்ளியில் பயிற்சி பெற்றால்தான் அந்தத் தேர்வுக்கே போக முடியும். நீங்கள் பார்த்த பள்ளியின் பெயர் அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள். ஓட்டுவது உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கிளம்பும் முன் வண்டியைச் சுற்றிக் காட்டும் சோதனையில்தான் நம்மவர்கள் விழுவார்கள். ஊரில் கிளீனர் பையன் கம்பியால் டயரைத் தட்டி, சத்தத்தை வைத்தே காற்று இருக்கிறதா என்று சொல்லிவிடுவான். இங்கே ஒவ்வொரு பாகத்தையும் நீங்களே தொட்டு, பெயரையும் நிலைமையையும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 2025 ஜூனிலிருந்து, சாலையில் வண்டியை நிறுத்தி நடத்தும் சோதனையில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல முடியாத டிரைவரை அங்கேயே வண்டியிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். தினம் அரை மணி நேரம் கடைக்கு வெளியே நிற்கும் டிரக்கைப் பார்த்துச் சொல்லிப் பழகுங்கள், அந்த டிரைவர் திருத்துவார்.

நீங்கள் கேட்காத ஒன்று. சங்ககிரி லாரிக்கார ரத்தம், "வண்டியை எங்களிடமே தவணைக்கு எடுத்து முதலாளி ஆகு" என்று கம்பெனி சொன்னதும் கை துறுதுறுக்கும். இந்தத் தவணை-குத்தகைத் திட்டங்களை ஆராய அரசு அமைத்த குழு, இவற்றைத் தடை செய்யவே பரிந்துரைத்தது. முதல் இரண்டு வருடம் அந்தப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுங்கள்.

இந்த வாரம் விண்ணப்பங்கள், அடுத்த வாரம் மருத்துவரும் வொர்க்ஃபோர்ஸ் அலுவலகமும். பள்ளியிலிருந்து வெள்ளிக்கிழமை போன் வந்தால், "எந்தெந்த கம்பெனி உங்கள் மாணவர்களுக்கு ப்ரீ-ஹயர் லெட்டர் தருகிறது, பட்டியல் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். கடிதங்கள் வந்ததும், ஒப்பந்தம் ஏதாவது நீட்டினால் கையெழுத்துப் போடும் முன், பெயரை மறைத்து எனக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.