செடி நஞ்சை எங்கே வைக்கிறது?

காட்மியம், ஈயம், ஆர்சனிக் போன்ற நச்சுத் தன்மையுள்ள கன உலோகங்கள் கலந்த மண்ணில் செடிகள் எப்படிப் பிழைக்கின்றன என்று உறுப்பினர்கள் கேட்டிருந்தீர்கள். தாவர உடலியல் படித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

காட்மியம் செடிக்குத் தேவையே இல்லையே. வேர் அதை ஏன் உள்ளே விடுகிறது?

விடுவதில்லை, ஏமாந்துபோகிறது. துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு போன்றவை செடிக்கு வேண்டும். அவற்றை உள்வாங்க வேரின் செல்சவ்வில் புரத வாயில்கள் உண்டு. நெல்லில் மாங்கனீசுக்கான வாயில் வழியாகவே காட்மியமும் நுழைந்துவிடுகிறது. ஆர்சனிக் இரண்டு வேடம் போடும். காற்றோட்டமுள்ள மண்ணில் ஆர்சனேட் என்ற வடிவில், பாஸ்பேட் என்னும் சத்துக்கான பாதையில் வரும். நீர் தேங்கிய வயலில் ஆர்சனைட் என்ற வேறு வடிவமாக மாறி, சிலிக்காவுக்கான பாதையில் வரும்.

நுழைந்த பிறகு செடி ஏன் சாவதில்லை?

பல செடிகள் வேர் குட்டையாகி, இலை வெளிறிச் செத்துத்தான் போகின்றன. தாங்கும் செடிகள் உலோகத்தைக் கட்டிப்போட்டுப் பூட்டிவைக்கின்றன. குளுட்டாதயோன் என்ற கந்தகம் கொண்ட சிறு மூலக்கூற்றிலிருந்து ஃபைட்டோகீலேட்டின் என்னும் சங்கிலியைச் செல் உருவாக்கும். கிரில், வின்னாக்கர், சென்க் ஆகிய மூவரும் 1985இல் ஜெர்மனியில் இதை அடையாளம் கண்டார்கள். அந்தச் சங்கிலியின் கந்தக முனைகள் காட்மியத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். பிறகு அந்தக் கட்டு, செல்லுக்குள் உள்ள வாக்குவோல் என்ற நீர்ப்பைக்குள் தள்ளப்படும். இதில் எந்தக் கட்டத்திலும் உலோகம் அழிவதில்லை. தனிமத்தைச் செடியால் சிதைக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். ஆகவே ஒரு செடியைப் பற்றி நாம் கேட்க வேண்டியது, அது நஞ்சை வேரில் வைக்கிறதா, இலையில் வைக்கிறதா, தானியத்தில் வைக்கிறதா என்பதுதான்.

மிக அதிகமாகச் சேர்த்துவைக்கும் செடி எது?

எனக்கு இன்றும் வியப்பு அடங்காத மரம் ஒன்று நியூ கலிடோனியாத் தீவில் இருக்கிறது. பெயர் பிக்னாண்ட்ரா அக்யுமினாட்டா. நம் இலுப்பையும் சப்போட்டாவும் அதன் உறவுகள். சப்போட்டாக் காயைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும் அல்லவா? இந்த மரத்தின் பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடிகிறது. நிறத்துக்குக் காரணம் நிக்கல். உலர்ந்த பாலின் எடையில் ஏறத்தாழ 25 சதவீதம் நிக்கல் என்று 1976இல் தெரியவந்தது. உலர்ந்த இலையில் கிலோவுக்கு 1000 மில்லிகிராம் நிக்கல் இருந்தாலே அச்செடியை மீமிகு சேமிப்பியாக, அதாவது உலோகத்தை அளவுக்கு மீறிச் சேர்க்கும் செடியாகக் கருதுவார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த மரம் நிக்கலைச் சிட்ரிக் அமிலத்திலிருந்து வரும் சிட்ரேட்டோடு பிணைத்து அடக்கிவைக்கிறது. இத்தனையும் எதற்காக? இலை தின்னும் பூச்சிகளை விரட்ட என்பது ஒரு விளக்கம். சில செடிகளில் சோதனைகள் அதற்கு ஆதரவாக உள்ளன, எல்லாச் செடிக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

கிணற்றுச் சுவரில் முளைக்கும் பெரணி ஆர்சனிக்கை உறிஞ்சும் என்கிறார்களே?

டெரிஸ் விட்டாட்டா என்ற இனம் உறிஞ்சும். மரத்தைப் பதப்படுத்தும் ரசாயனத்தால் கெட்டுப்போன ஃபுளோரிடா நிலத்தில் அது செழித்து வளர்ந்ததைக் கண்டு, 2001இல் அறிவித்தார்கள். ஆர்சனிக் கலந்த மண்ணில் வளர்த்தபோது அதன் இலைகளில் 2 சதவீதத்துக்கும் மேல் சேர்ந்தது. நம் ஊர்ப் பழைய சுண்ணாம்புச் சுவர்களிலும் இந்த இனம் வளர்கிறது. ஆனால் இலையை அறுத்துப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தாவிட்டால், உதிர்ந்த இலை வழியே எல்லாம் மண்ணுக்கே திரும்பிவிடும்.

நெல் வயலில் நீரை வடித்தால் ஆர்சனிக் குறையுமாமே?

குறையும். ஆனால் காட்மியம் கலந்த மண்ணாக இருந்தால் அரிசியில் அது கூடும். ஜப்பானின் தோயாமாவில், கமியோகா சுரங்கக் கழிவு கலந்த ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டவர்கள், எலும்பு நொறுங்கி வலியால் துடித்தார்கள். ‘இத்தாய் இத்தாய்’, அதாவது ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்பதே அந்த நோய்க்குப் பெயராயிற்று. 1968இல்தான் மாசினால் வந்த நோய் என்று அரசு ஏற்றது. மண்ணைச் சோதிக்காமல் நீர் மேலாண்மையை மாற்றாதீர்கள்.

சாலையோர வீட்டில் கீரை வளர்க்கிறேன். ஈயம் ஏறுமா?

ஈயம் பெரும்பாலும் வேரைத் தாண்டுவதில்லை. இலையில் இருப்பது பெரும்பாலும் ஒட்டிய தூசி, நன்றாகக் கழுவினால் குறையும். காட்மியம் அப்படியல்ல, இலைக்குள்ளேயே சேரும், கழுவினாலும் போகாது. சாக்கடை நீர் பாயும் இடத்தில் கீரை போடவே வேண்டாம்.

எங்கள் ஊரில் தோல் பதனிடும் கழிவால் நிலம் பாழாகிவிட்டது. வெட்டிவேர் நட்டால் சுத்தமாகுமா?

ஆகாது. உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. தோல் பதனிடும் கழிவில் உள்ள குரோமியத்தை வெட்டிவேர் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திக்கொள்ளும், மண் அரிக்காமலும் தூசி பறக்காமலும் காக்கும். அதுவே பெரிய உதவி, அவசியம் நடுங்கள். ஆனால் அங்கே விளைந்த வேரைத் தோண்டி விற்க யாரையும் விடாதீர்கள். நம் வீடுகளில் வெட்டிவேரைப் பானைத் தண்ணீரில் போட்டுக் குடிக்கிறோம்.